‘வெள்ளி’ தொலைந்த கணக்கேடு: ஃபெடோராவுக்கு வந்திருக்கும் ஒரு தமிழ்ப் பொதி

கணக்கேட்டைத் திறந்து ‘வெள்ளி’ என்று தேடினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் ‘5 வெள்ளி’, ‘10 வெள்ளி’ என்று என் கண்ணெதிரே நிற்கிறது. கணினியோ அப்படி ஒரு சொல் இந்தக் கோப்பில் இல்லவே இல்லை என்கிறது. மூன்று வாரமாக நான் மதிப்பாய்வு செய்துவரும் பொதியை, அதாவது கணினியில் நிறுவிக்கொள்ளும் வடிவில் கட்டிய மென்பொருளைப் பற்றி எழுதுவதென்றால் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை, இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றித்தரும் சிறிய நிரல் அது. பாமினி, டிஸ்கி, டாப் என்ற மூன்று வகைகளையும் படிக்கிறது. எழுதியவர் இங்கே சிங்கப்பூரில் உள்ள பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி. ஃபெடோரா என்ற லினக்ஸ் விநியோகத்தில் சேர்க்க வேண்டும் என்ற ஆசையில் அவரே அதைப் பொதியாக்கி அனுப்பியிருக்கிறார். முதல் பொதி என்பதால், பொதியாளர் குழுவில் அவரைச் சேர்த்துக்கொள்ள ஸ்பான்சர் ஒருவர் முன்வர வேண்டும். அதற்கு முன்பாக ஒருவர் உட்கார்ந்து முழுமையாகப் பார்த்துச் சொன்னால் அந்த வேலை எளிதாகும். பகலில் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தின் வழங்கிக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. இரவில் ஒன்பது மணிக்கு மேல் இந்த வேலை. பொதியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. திருத்தம் நடந்துகொண்டிருக்கும்போது பெயரோடு குறைகளைப் பதிந்துவைத்தால், எல்லாம் சரியான பிறகும் தேடுபவர் கண்ணில் குறைதான் முதலில் படும்.

இப்படி ஒரு நிரல் தேவையா என்று கேட்பவர்களுக்குச் சிங்கப்பூரில் இருப்பவர்கள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். கணினித் தமிழ் இங்கே வெகு முன்பே வேரூன்றியது. கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் மாநாடு 1997இல் இங்கேதான் நடந்தது. 1999இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) தொடங்கப்பட்டதும் இந்த ஊரில்தான். முன்பே தொடங்கியதால், யூனிகோடு எல்லார் கைக்கும் வருவதற்குள் பத்து ஆண்டுத் தமிழ் வெவ்வேறு எழுத்துருக்களில் எழுதப்பட்டுவிட்டது. கோயில் மலர்கள், பள்ளித் தேர்வுத்தாள்கள், வாசகர் வட்டக் குறிப்புகள், சங்கங்களின் கூட்டக் குறிப்புகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். எத்தனையோ வீடுகளில் அவை மேசை இழுப்பறையில் இன்னும் கிடக்கின்றன.

என் பெரியப்பா வீட்டு இழுப்பறையிலும் ஒன்று கிடந்தது. ஈசூனில் அவர்கள் குடியிருந்த புளோக்கையும் சுற்றியிருந்த சில புளோக்குகளையும் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஒரு நலநிதி நடத்தின. மாதம் ஐந்து வெள்ளி. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அன்று மாலைக்குள் பணம் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. பெரியப்பாதான் செயலாளர். 1996இலிருந்து எட்டு ஆண்டுக் கணக்கை, யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் கொடுத்த பாமினி எழுத்துருவில் ஒற்றை விரலால் தட்டித் தட்டிச் சேர்த்திருக்கிறார். பொதி கைக்கு வந்ததும் என்னிடம் இருந்த சோதனைக் கோப்பு அதுதான்.

மதிப்பாய்வு என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஃபெடோராவில் ஒரு பொதி சேர வேண்டுமானால் நீண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைத் தாண்ட வேண்டும். பட்டியலைத் தயாரித்துத் தருவதற்கே ஒரு கருவி இருக்கிறது. இயந்திரத்தால் பார்க்க முடிந்ததை அது பார்த்துக் குறியிட்டுவிடும். தவறு என்றால் ஆச்சரியக்குறி. மனிதர்தான் பார்க்க வேண்டும் என்ற வரிகளின் கட்டங்களை வெறுமையாக விட்டுவிடும். உரிமம் சரியா, நிரலின் மூலவரிகள் அடங்கிய மூலக்கோப்பு எழுதியவர் வெளியிட்டதேதானா, உருவாக்கும் கோப்புறைகளுக்கெல்லாம் பொதி பொறுப்பேற்கிறதா என்று வரிசையாகப் போகும். ‘கட்டாயம்’ என்று ஒரு பகுதி, ‘செய்தால் நல்லது’ என்று ஒரு பகுதி.

கட்டாயப் பகுதியில் முதல் தடங்கல் கட்டமைப்பில் வந்தது. பொதியை மாக் என்ற கருவிக்குள் கட்ட வேண்டும். ஒன்றுமில்லாத வெற்று அறையைப் போன்றது அது. அடிப்படைக் கருவிகளும், பொதியை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஸ்பெக் கோப்பில் கேட்டிருக்கும் பொருள்களும் மட்டும் உள்ளே வரும், இணையம் கிடையாது. கட்டும்போது நிரல் எங்கோ ஓர் இணைய முகவரியிலிருந்து எழுத்து அட்டவணையை இறக்கப் பார்த்தது, முடியாமல் நின்றுபோனது. சொன்ன மறுநாளே தம்பி அட்டவணையை மூலக்கோப்புக்குள் வைத்துவிட்டார். ஸ்பெக் கோப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே பள்ளியில் படித்தவர்கள் எல்லாரும் எழுதுவது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல். அதுவும் மூன்று சொல் திருத்தத்தில் முடிந்தது.

உரிமம் அப்படி எளிதில் முடியவில்லை. ஸ்பெக் கோப்பில் எம்ஐடி உரிமம் என்று ஒற்றை வரி. உள்ளே போய் ஒவ்வொரு கோப்பாகத் தலைப்பைப் படித்தபோது, டிஸ்கி அட்டவணை மட்டும் வேறொருவர் எழுதி ஜிபிஎல் 3 என்ற உரிமத்தில் வெளியிட்ட நிரலிலிருந்து எடுத்தது என்று தெரிந்தது. எடுத்ததில் தவறில்லை, எடுக்கலாம் என்றுதான் அந்த உரிமமே சொல்கிறது. எழுதியவர் பெயரையும் தம்பி தலைப்பில் அழிக்காமல் வைத்திருந்தார், அந்த நேர்மையை மெச்சுகிறேன். ஆனால் பொதியின் உரிம வரியில் இரண்டும் இருக்க வேண்டும். சோதனைக் கோப்புறையில் ஓர் எழுத்துருக் கோப்பும் கிடந்தது. யாருடையது, என்ன உரிமம் என்று எங்கும் ஒரு வரி இல்லை. இணையத்தில் எல்லாரும் வைத்திருக்கிறார்களே என்று தம்பி கேட்டார். எல்லாரும் வைத்திருப்பது அனுமதி ஆகாது. மறுவிநியோகம் செய்ய உரிமை இல்லாத கோப்பு மூலக்கோப்பிலேயே இருக்கக் கூடாது. அதை நீக்கிய புதிய மூலக்கோப்பு வேண்டும் என்று எழுதினேன்.

மற்றபடி நல்ல செய்திகள். டிஸ்கியை மாற்றும் வசதி லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியிலேயே நெடுங்காலமாக இருக்கிறது. ஐகான்வ் என்ற கட்டளை அதைச் செய்துவிடும். ஆகவே ஒரே கோப்பை இரண்டு வழியிலும் மாற்றி ஒப்பிட்டேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. தெரியாத குறி வந்தால் நிரல் அதை விழுங்கிவிடாமல் ‘அறியாத குறி, வரி 212’ என்று தமிழில் சொல்லி நிற்கிறது. இதுவரை நான் பயன்படுத்திய மாற்றிகளில் பாதி, தெரியாததைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மேலே போகிறவை. நிற்கத் தெரிந்த நிரலைப் பார்த்ததும் எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

கையேட்டுப் பக்கத்தைத் தமிழில் எழுதியிருக்கிறார். முனையத்தில் கட்டளையைத் தட்டி, நீல வெளிச்சத்தில் ‘பெயர்’, ‘பயன்பாடு’, ‘விளக்கம்’ என்று தலைப்புகள் வரிசையாக வந்து நின்றபோது இரண்டு முறை மேலும் கீழும் நகர்த்திப் படித்தேன். இருபது ஆண்டுகளாக ஆங்கிலத்தில் மட்டும் பார்த்த பக்கம் அது. மொழிபெயர்த்த வாடை இல்லாத தமிழ். கடைசி வரி, ‘மாற்றிய பின் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.’ அந்த வரி கடைசியில் இருக்கக் கூடாது, முதலில் வர வேண்டும் என்று குறிப்பு எழுதினேன். ஏன் என்பது ‘வெள்ளி’யைத் தேடியபோது இன்னும் நன்றாகப் புரிந்தது.

‘செய்தால் நல்லது’ பகுதியில் ஒரு வரி இருக்கிறது: பொதி, தான் சொல்லிக்கொள்கிற வேலையைச் செய்கிறதா? இயந்திரம் அந்தக் கட்டத்தை நிரப்பாது. தமிழ் படிக்கத் தெரியாத மதிப்பாய்வாளர் நிரலை ஒரு முறை ஓட்டிப் பார்த்து, திரையில் தமிழ் எழுத்து வருகிறது என்று குறியிட்டுவிடலாம். அதில் அவர் தவறு ஒன்றும் இல்லை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பெரியப்பாவின் கோப்பை மாற்றினேன், திரையில் அழகான தமிழ். பெயர்கள், தேதிகள், தொகைகள். ஓர் ஆண்டின் வரவை எண்ணிப் பார்க்கலாம் என்றுதான் ‘வெள்ளி’யைத் தேடினேன்.

பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. ‘வெள்ளி’ என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு வகரம், பிறகு ளகரம், பிறகு புள்ளி. யூனிகோடில் வகரம் முதலில், கொம்பு அதற்குப் பின். எனவே மாற்றி, கொம்பைத் தூக்கி வகரத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். அது எளிது. சிக்கல் ஔகாரத்தில் இருக்கிறது. ‘மௌனம்’ என்று எழுத பாமினியில் தனி விசை கிடையாது. கொம்பு, மகரம், பிறகு அதே ளகரம். அதாவது ‘மௌ’ என்பதற்கும் ‘மெள’ என்பதற்கும் கோப்பில் வேற்றுமையே இல்லை. கொம்பு, ஓர் எழுத்து, ளகரம் என்று மூன்றும் அடுத்தடுத்து வந்தால் அது ஔகாரம் என்று தம்பி விதி எழுதியிருக்கிறார். ‘மௌனம்’, ‘கௌரி’, ‘பௌர்ணமி’ எல்லாம் அந்த விதியால் சரியாக வந்துவிட்டன. ‘வெள்ளி’யும் அதே விதியில் மாட்டிக்கொண்டது. வகரத்தோடு ஔகாரக் குறி ஒட்டி, அதன் மேல் புள்ளி ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்த முதல் ளகரம் இப்போது இல்லை.

பார்த்தால் தெரியாது என்பதுதான் கொடுமை. ஔகாரக் குறியின் வலப்பக்கம் ளகரம் போலவே இருக்கிறது. என் திரையில் அது ஒரு நூலளவு சிறியது, அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்த பிறகே எனக்குப் பிடிபட்டது. வாசிப்பவர் ‘வெள்ளி’ என்றே வாசிப்பார். தேடுபொறிக்கு அது வேறு சொல். அகரவரிசைப்படுத்தினால் வேறிடத்துக்குப் போகும். திரைவாசிப்பு மென்பொருள் அதை எப்படி உச்சரிக்கும் என்று நினைக்கவே சங்கடமாக இருக்கிறது. ‘வெள்ளம்’, ‘தெளிவு’, ‘நெளிந்து’, ‘வெளியூர்’ எல்லாவற்றுக்கும் இதே கதி. டிஸ்கி வழியில் இந்தக் கோளாறு வரவில்லை. அங்கே ஔகாரத்தின் பின்பகுதிக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தம்பியின் சோதனைகள் எல்லாம் டிஸ்கிக் கோப்புகளில் நடந்தவை.

சிங்கப்பூர்த் தமிழருக்கு ‘வெள்ளி’ எவ்வளவு பெரிய சொல் என்று சொல்லத் தேவையில்லை. கிழமை, உலோகம், வானத்துக் கோள் எல்லாவற்றுக்கும் மேலாக நம் கையில் புழங்கும் பணம் அது. தேக்கா சந்தையில் மீன் வாங்கினாலும் வெள்ளிதான். நலநிதிக் கணக்கில் அந்தச் சொல் இல்லாமல் போவது, கணக்கே இல்லாமல் போவதற்குச் சமம். நலநிதியில் பணம் பெற்ற ஒரு குடும்பத்தின் பேரப்பிள்ளை என்றாவது இந்தக் கோப்பில் தேடக்கூடும். ‘இல்லை’ என்ற விடையை நம்பிவிட்டு எழுந்து போய்விடும். ஒரு நிரல் ‘என்னால் முடியவில்லை’ என்று நின்றுவிட்டால் நான் கோபிக்க மாட்டேன். முடிந்துவிட்டது என்று சொல்லி, பாதியைச் சிதைத்துக் கொடுப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். விநியோகத்தில் ஒரு பொதி சேர்ந்துவிட்டால், ஒரே கட்டளையில் யார் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். யாரோ பார்த்துத்தானே சேர்த்திருப்பார்கள் என்று நம்பி நிறுவுவார்கள். அந்த ‘யாரோ’ இந்த முறை நான்.

வார இறுதியில் தம்பியைத் தேக்கா உணவங்காடியில் சந்தித்தேன். இரண்டு தே தாரிக் வாங்கிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தோம். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டி, “இந்தச் சொல்லைத் தேடுங்கள், தம்பி,” என்றேன். தேடினார். மறுபடி தேடினார். தானே தட்டச்சு செய்து ஒருமுறை, கோப்பிலிருந்து வெட்டி ஒட்டி ஒருமுறை. ஒட்டிய சொல் கிடைத்தது, தட்டிய சொல் கிடைக்கவில்லை.

“அக்கா, ரெண்டும் ஒண்ணுதானே?” என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் கருவியைத் திறந்தார். வகரம், ஔகாரக் குறி, புள்ளி என்று கீழ்க்கீழாக வந்ததும் வெகுநேரம் பேசவில்லை. தே தாரிக்கில் ஆடை படிந்துவிட்டது. பிறகு, “எங்கள் பாட்டியின் கடிதங்களை இதில்தான் மாற்றினேன்,” என்றார். மூலக் கோப்புகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். இருக்கின்றன என்றார். எனக்கும் மூச்சு வந்தது.

தீர்வு கடினமானதல்ல, அங்கேயே காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். ளகரத்துக்குப் பின் புள்ளியோ, காலோ, இகர உகரக் குறிகளோ வந்தால் அது ளகரமேதான். ஔகாரக் குறியின் மேல் இன்னொரு குறி ஏறுவதற்குத் தமிழில் வழியே இல்லை. ஒன்றும் வராமல் அடுத்த எழுத்து தொடங்கினால் மட்டும் ஔகாரம். மாற்றும்போது பாமினியில் ஒரே விசையாக இருக்கும் ‘ளு’வையும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘கெளுத்தி’ என்ற மீன் பெயரைச் சோதனையில் சேர்க்கச் சொன்னேன், சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. பாமினி ஆங்கில எழுத்துகளின் மேலேயே தமிழை ஏற்றிவைத்த முறை. கோப்பின் நடுவில் உண்மையிலேயே ஆங்கிலம் இருந்தால் நிரலுக்கு அது தெரியாது. பெரியப்பா முகவரிகளை ஆங்கிலத்தில் தட்டியிருக்கிறார். ‘புளோக்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் எல்லா இடத்திலும் ‘டீடம’ என்று மாறிவிட்டது. எண் சரியாக இருக்கிறது, முன்னால் ‘டீடம’. எந்த நிரலாலும் இதை உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. கோப்பை அறிந்தவர் கையால்தான் திருத்த வேண்டும். ஆனால் கையேட்டில் அதைச் சொல்லிவைக்கலாம், சொல்ல வேண்டும். மூலக் கோப்பை அழிக்காதீர்கள் என்ற வரிக்கு அடுத்த வரியாக அதை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

போன வியாழன் இரவு புதிய பதிப்பு வந்தது. வெற்று அறையில் தடங்கலின்றிக் கட்டியது. கட்டும்போதே சோதனைகள் ஓடும்படி ஸ்பெக் கோப்பில் சேர்த்திருக்கிறார், பாமினிச் சோதனைகள் மட்டும் நாற்பதுக்கு மேல். உரிம வரியில் இரண்டு உரிமங்களும் வந்துவிட்டன. பெரியப்பாவின் கோப்பை முதலிலிருந்து மாற்றி ‘வெள்ளி’ என்று தேடினேன். 318 வரவு வரிகள், 318 இடங்கள். ‘மௌனம்’ ஓரிடத்தில் வருகிறது, 2001ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்பில், இறந்த உறுப்பினர் ஒருவருக்காக இரண்டு நிமிடம் அனுசரித்ததாக. அதுவும் சரியாக இருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். யார் அந்த உறுப்பினர் என்று பெயரோடு சொன்னார்.

‘சொல்லிக்கொள்கிற வேலையைச் செய்கிறதா’ என்ற கட்டத்தில் சரி என்று குறியிட்டேன். எழுத்துருக் கோப்பு இன்னும் சோதனைக் கோப்புறையில் இருக்கிறது. புதிய மூலக்கோப்பு வரும்வரை அந்த வரியில் ஆச்சரியக்குறி அப்படியே நிற்கும்.